மற்றும் ஒருவர்

தட்டு என்று பெரிதாகச் சொன்னார்கள்.
சட்டைப் பொத்தான் அளவுதான்.
நடுவில் ஒரு துளை,
பதினாறாம் நம்பர் ஊசி சிரமப்பட்டு நுழையும்.
ஜேக்கப்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் மெஷின் மிதித்தவள்,
துளை பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

எண்ணூறு ராண்டு பாக்கிக்கு
சாட்ஸ்வர்த் மூன்றாம் மாடியில், என் குழாய்க்குள்
மாநகராட்சி அதைச் செருகிவிட்டுப் போனது.
உலைப்பானை நிறைய முக்கால் மணி.

கீழ்வீட்டுத் தோபிலேக்கும் அதே தட்டு.
வக்கீலைப் பிடித்தது அவள்.
இரண்டு வீட்டுக் குழாயடியிலும் வாளி வைத்து
கைபேசியில் நேரம் பார்த்து
மகனுடைய கணக்கு நோட்டில் ஜூலுவில் எழுதியது அவள்:
ஒரு மணி, ஒன்பது லிட்டர்.
ஒரு மணி, எட்டரை.
பதினோரு நாள். ராத்திரியும்.
வழக்கு என்றால் அந்த நோட்டுதான்,
மற்றதெல்லாம் அங்கி.

டர்பன் நீதிமன்றத்தில்
"போதுமான தண்ணீர்" என்ற சொல்லை
அந்தப் பக்கம் இரண்டு பேர் இந்தப் பக்கம் இரண்டு பேர்
மூன்று நாள் பிழிந்தார்கள்.
அம்மா, உங்களுக்கு எவ்வளவு போதும்?
அண்டாவின் அடியைச் சொம்பு சுரண்டாமல்
மொள்ள முடிந்தால் போதும் ஐயா, என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பைப் பதிவில் ஏற்றவில்லை.

நான்காம் வருஷம் ஜெயித்தோம்.
தொண்ணூற்றிரண்டு பக்கத் தீர்ப்பு:
தட்டு செல்லாது, சாசனத்துக்கு விரோதம்.
முதல் பக்கத்தில்
தம்பிரான் மற்றும் ஒருவர் எதிர் மாநகராட்சி.

தம்பிரான் நான்.
அதுவும் புருஷன் வீட்டுப் பேர்,
கப்பல் குமாஸ்தா அன்று தப்பாய் எழுதியபடியே.
சட்டம் படிக்கும் பிள்ளைகள்
இனி பரீட்சையில் என்னை எழுதுவார்களாம்.

தோபிலே விரல் வைத்துத் தேடினாள்.
நான் எங்கே?
காட்டினேன்.
வழக்கம்தான், இடம் சுருக்க, என்றார் வக்கீல்.
அவள் சிரித்தாள்.
டாக்ஸிக்காரன் மீதிச் சில்லறை தராதபோது
சிரிப்பாளே, அது.

தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன்,
பிளாஸ்டிக் உறை, மேலே சான்று எண்.
அவள் குளிர்கோட்டில் ஒரு பொத்தான் இல்லை,
வைத்துத் தைத்துப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
ஒற்றைத் துளையில் நூல் எதைச் சுற்றிப் பிடிக்கும்?

இந்த மாதப் பில் வந்திருக்கிறது.
தோபிலே கிளாடிஸ் ஷேஸி, இரண்டாம் மாடி.
ஒரு எழுத்து பிசகவில்லை.