சரக்கு இருப்பு

வாரத்தில் ஐந்து நாள் நான் கம்பெனிகளை மூடுகிறேன்.
நாற்காலிகளை எண்ணி, கடன் கொடுத்தவர்களை வரிசைப்படுத்தி,
மிஞ்சியதைப் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று பங்கிட்டு.
சனிக்கிழமை கத்பர்ட் ரென்விக்கின் வேனில்
டைன் நதிக்கரைக் குப்பைமேட்டுக்கு.
நூற்றிருபது வருஷத்துச் சாம்பல்,
சிப்பி ஓடு, பொம்மையின் ஒற்றைக் கை,
அப்புறம் ஜாடிகள்.

மார்மலேட் ஜாடி என்றால் கத்பர்ட் குனியக்கூட மாட்டான்.
கோடிக்கணக்கில் விற்றவன் ஜாடி
இன்று மூன்று பவுண்டு; பேனா போட்டு வைக்கலாம்.
இந்தச் சந்தையில் விதி தலைகீழ்:
எவன் சரக்கு விலைபோகவில்லையோ
அவன் ஜாடிக்குத்தான் விலை.

'அசல் ஹெர்ரிங் மீன் விழுது.
ஓஸ்வின் திரெல்கெல்ட், நார்த் ஷீல்ட்ஸ்.
இந்தக் கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்.'
வெள்ளை மெருகின் மேல் கறுப்பு மையில்
ஒரு மீன், தலையில் கிரீடம்.
உலகத்தில் இரண்டுதான் என்று பேச்சு.
போன வசந்தத்தில் ஒன்று அறுநூற்றுப் பத்துக்குப் போனது,
அதுவும் விளிம்பில் சில்லு பெயர்ந்தது.

ஆவணக் காப்பகத்தில் அவனைத் தேடிப் பிடித்தேன்.
ஏழு மாதக் கடை.
கடன் பட்டியலில் ஒரு மீன்காரி, ஒரு வண்டிக்காரன்,
ஜாடி சுட்டுக் கொடுத்த சூளைக்கு நாற்பத்தொரு பவுண்டு.
கணக்கை முடித்த குமாஸ்தாவின் கூட்டலில் பிழை.
திருத்தக் கை பரபரத்தது.

இன்று, மூன்றரை அடி ஆழத்தில்,
கத்பர்ட்டின் மண்வெட்டி கிணுங்கென்றது.
கிரீடம். பக்கத்தில் கிரீடம்.
வைக்கோல் மக்கிய பழுப்பில்
கீழே கீழே கிரீடங்கள்.
ஒன்றை எடுத்து முகர்ந்தேன். ஈரமண்.
உள்ளே எண்ணெய்க் கறை இல்லை, கரண்டிக் கீறல் இல்லை.
இவற்றுக்கு உரிய ஹெர்ரிங்
கடலிலேயே இருந்துவிட்டது.

"எத்தனை தேறும்?"
முந்நூறு, என்றேன். தொழில் பழக்கம்.
"முந்நூறு என்றால் ஒன்று மூன்று பவுண்டு," என்றான்.

அப்புறம் நாங்கள் பேசவில்லை.
இரண்டை மட்டும் கம்பளியில் சுற்றி வேனில் வைத்தோம்.
இருபத்தாறு வருஷமாக
அடுத்தவர் ஒளித்த சொத்தைத் தோண்டிக்
கணக்கில் ஏற்றுகிறவள் நான்.
மண்வெட்டியை வாங்கி
முதல் வாரியை நானே போட்டேன்.
திரெல்கெல்ட், உன் சரக்கு
இன்னும் கொஞ்ச நாள் விற்காமலே இருக்கட்டும்.

திரும்பும் வழியில் கத்பர்ட் ரேடியோ போட்டான்.
படகுகளுக்கான வானிலை:
வடகிழக்குக் காற்று, கடல் கொந்தளிப்பு,
பார்வைத் தூரம் குறைவு.