எடுக்கும்போது

ஞாயிறு ராத்திரி தொப்புளைச் சுற்றித்தான் இருந்தது.
இன்ன இடம் என்று சொல்லத் தெரியாத நோவு.
மரச்சீனியும் மத்திக்கறியும் தின்றதுதான் என்று
சீரக வெள்ளம் குடித்தேன்.
அது வெளியே வந்தது.

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
சிற்றாறு மலையில் ஏறினேன்.
முந்நூற்றிப் பத்து மரம் என் பங்கு.
மழை விட்டு நாலு நாள், பால் இறங்கும் நேரம்.
வயிறு சொல்வதைக் கேட்டு நின்றால்
கூலியில் யார் சேர்ப்பார்?

எண்பதாவது மரத்தில் அது இடம் மாறியது.
வீடெல்லாம் ஓடிய பிள்ளை
ஒரு மூலையில் பிணங்கி உட்காருமே, அப்படி
வலது பக்கம், கீழே,
இடுப்பெலும்புக்கு உள்ளே வந்து குந்தியது.
குனிந்தால், இருமினால், சிரட்டையை நிமிர்த்தினால்
அங்கேயேதான்.
ஒரு விரல் வைக்கும் இடம்.

"தேதி ஆயிருக்கும் பிள்ளே" என்றாள் கிறிஸ்டல் பாய்.
"சூடு, இளநி குடி" என்றார் மேஸ்திரி.
எனக்கும் சந்தேகமில்லை.
பதிமூன்று வயசிலிருந்து
அடிவயிற்றில் வருவதையெல்லாம்
ஒரே டப்பாவில் போட்டு மூடியவள் நான்.
உள்ளே எது எது என்று
யாரும் கேட்டதில்லை.
நானும்.

ஷாஜகானின் ஆட்டோ
திருவட்டாறு ரோட்டுக் குழி ஒவ்வொன்றையும்
என் வயிற்றுக்குள் இறக்கியது.
"பிடிச்சுக்கோ அக்கா" என்பான்
வேகத்தடை வரும்போதெல்லாம்.
எதைப் பிடிக்க?

வேர்க்கிளம்பியில்
சட்டென்று நின்றுபோனது நோவு.
"ஆண்டவரே" என்று நெஞ்சில் கை வைத்தான் செல்வதாசன்.
வண்டியைத் திருப்பு, ஷீட் அடிக்க ஆளில்லை என்றான்.
ஷாஜகான் திருப்பவில்லை.
"எனக்க மச்சானுக்கும் இப்பிடித்தான் நின்னுது."
மிச்சத்தை அவன் சொல்லவில்லை.
ஹாரனை மட்டும் அழுத்திக்கொண்டே போனான்.

தக்கலை ஆஸ்பத்திரி வாசலில்
நின்றது திரும்பி வந்தது, வயிறு முழுக்க.

டாக்டர் பெனிற்றாவுக்கு என் தங்கை வயசிருக்கும்.
நோவு முதலா, வாந்தி முதலா?
எங்கே தொடங்கிச்சு, எங்கே போச்சு?
தேதி எப்போ, தள்ளிப்போச்சா?
மூத்திரம் எரியுதா?
டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து
வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.
அப்புறம் வலது ஓரத்தில் கை வைத்து
மெல்ல அமுக்கினார். பொறுத்துக்கொண்டேன்.
சடாரென்று கையை எடுத்தார்.
நான் போட்ட கூச்சலில்
பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அமுக்கும்போதா, எடுக்கும்போதா, எப்போ கூடுதல்?"

எடுக்கும்போது.
அமுக்குவதை எல்லாம் தாங்கத் தெரியும் எனக்கு.

குடல்வால் வெடித்திருக்கிறது என்றார்.
வாலா, எனக்கா?
விரல் நீளம்தான் இருக்குமாம்.
அது எதுக்கு டாக்டர் அங்கே இருக்கு?
"உறுதியாச் சொல்ல முடியாதம்மா" என்றார்,
கையுறையை இழுத்துக்கொண்டே.
அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

கண் விழித்தபோது
வயிற்றோரம் ஒரு குழாய். கீழே ஒரு பை.
சொட்டுச் சொட்டாய், கலங்கலாய்.
காலையில் சிஸ்டர் அளந்து எழுதினாள்:
நூற்றி இருபது. மறுநாள் எழுபது.
அதற்கடுத்த நாள் பதினைந்து.
இறங்குவது குறையக் குறைய
நான் சந்தோஷப்பட்டது
ஆயுசில் அது ஒன்றுதான்.

கட்டுப் பிரித்த அன்று
எதிரே நின்று பார்த்தான் செல்வதாசன்.
அவனுக்கு இடது மேல், வலது கீழ்.
வெகுநேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு,
"நல்ல சாய்வு. தடி தொடாம வெட்டியிருக்கா" என்றான்.
சிரிக்காதே என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள்.
தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

போன வாரம்
கிறிஸ்டல் பாய் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றாள்.
கத்தி தரையில்.
"ஒண்ணுமில்ல, தேதிதான்" என்றாள்.
எங்கே, ஒரு விரலால் காட்டு என்றேன்.
யோசித்தாள்.
கை முழுவதையும் வைத்து அமுக்கினாள்.

விளக்கை அவள் முகத்துக்குத் திருப்பினேன்.
இனி எடு, என்றேன்.