டைம்அவுட் எழுதாத வரி

குழாய் நின்று பத்தொன்பது நாள்.
வெருலத்தில், மேட்டுத் தெருவில்.
லாரி வரும் நேரத்தை நகராட்சி
ஒரு முகவரியில் போடுகிறது என்றான் பிரகேசன்.
அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?
டைல்ஸ் கடையில் எனக்கு இரவுக் கணக்கு.

ஐந்து வரி எழுதினேன்.
முதல் வரியில் லைப்ரரியை அழைத்தேன்,
அடுத்ததில் கெட், அடைப்புக்குள் முகவரி.
அவ்வளவுதான். மீதியை அது பார்த்துக்கொள்ளும்:
கதவு தட்டும், வீடு மாறியிருந்தால் தேடிப் போகும்,
கிடைத்ததை முந்தானையில் முடிந்து கொண்டுவரும்.

200 என்றது.
எல்லாம் நலம் என்று பொருள்.
பிரித்துப் பார்த்தேன்: இரண்டு பகர அடைப்பு,
நடுவே ஒன்றுமில்லை.
எங்கள் வாளியை அப்படிச் சொல்ல முடியாது,
அதன் அடியில் பாசியாவது உண்டு.

பத்து நிமிடத்துக்கொருமுறை கேட்கச் சொல்லியிருந்தேன்.
பொறுக்காமல் பத்து விநாடி ஆக்கினேன்.
429. அளவு மீறிக் கேட்கிறாய்.
நோலீன் மூட்லி சிரித்தாள்:
"வார்டு ஆபீஸில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள்,
நம்பர் போடாமல்."

சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில்
வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஒரே சொல்: கேள்.
நிரலில் அவை வேறு வேறு. இந்த ஊரிலும்.

டைம்அவுட் எழுத மறந்திருந்தேன்.
எழுதாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும்.
விடிகாலை மூன்றரைக்கு வந்து பார்த்தால்
கர்ஸர் துடித்துக்கொண்டிருக்கிறது,
அந்தப் பக்கம் சர்வர் செத்து நாலு மணி நேரம்.
திட்ட மனம் வரவில்லை.
ஐந்து என்று எழுதினேன். ஐந்து விநாடி.

இருபத்திரண்டாம் நாள் அடைப்புக்குள் ஒரு வரி:
எங்கள் தெரு. ஒன்பதாயிரம் லிட்டர். 14:10.
வழங்கப்பட்டது.

14:10க்கு நோலீன் தெருமுனையில்தான் இருந்தாள்,
ஏழு வாளியும் குழந்தை குளிக்கும் தொட்டியுமாக.
வந்தது ஒரு ரொட்டி வேன்.

பிறகு தினம் ஒரு வரி வந்தது.
ஒன்றையும் அழிக்காமல் நாள், நேரத்தோடு சேமித்தேன்.
பதினொரு 'வழங்கப்பட்டது' ஆனதும்
டைல்ஸ் விலைப்பட்டியலின் முதுகில் அச்சடித்தேன்.
பிரகேசன் நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வார்டு ஆபீஸ். கண்ணாடிக்கு அடியில்
காகிதம் உள்ளே போனது.
அந்த அம்மாள் ஒரு பக்கம் பார்த்தார்.
திருப்பி டைல்ஸ் விலையையும் பார்த்தார்.
"உட்காருங்கள்."

நீல பிளாஸ்டிக் நாற்காலி மூன்று.
எத்தனை விநாடி என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.