கண் பார்க்கும் முன்

அதிகாலை மூன்றரைக்கு அலாரம்.
கூட்டைவிட்டு வந்து எட்டு மணி தாண்டினால்
பெண் ஈ கன்னியில்லை என்கிறது
ஆய்வகக் கையேடு, அடிக்கோடிட்டு.

தார்த்துவில் மைனஸ் பத்தொன்பது.
பைஜாமாவின் மேலே கோட்டு.
ஆற்றுப் பாலத்தில் ஒரு குடிகாரன்:
இந்நேரத்தில் யாரைப் பார்க்க?
ஈயை, என்றேன்.
வழிவிட்டான்.

இருபத்தெட்டு நாள் கழித்து
அவற்றின் பேரப்பிள்ளைகளை எண்ணுகிறேன்,
மயக்கிக் கிடத்தி, தூரிகை நுனியால்.
சிவப்புக் கண், சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
வெள்ளை, வெள்ளை.
மூன்றுக்கு ஒன்று வரவேண்டும்.
எனக்கு இரண்டே காலுக்கு ஒன்று.

இந்த்ரெக் நேற்றே எழுதிவிட்டான்
முந்நூறு, நூறு என்று. பேனாவால்.
"நீயும் அதையே போடு, திரீனு."

தெளிந்தெழுந்த ஒன்று
விளக்கைச் சுற்றுகிறது.
அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
கண் பார்க்கும் முன்
பறந்துவிட்டது.