மறு அறிவித்தல் வரை

நூலகத்தைப் பூட்டிய மூன்றாம் நாள்
தலைமை எழுதுனர் ஒரு தாளை நீட்டினார்.
"உங்களுக்குத்தானே வாசிச்சுப் பழக்கம்."

அன்றிலிருந்து காலை ஆறரைக்கு
அருட்பிரகாசத்தின் ஆட்டோவில், பின்னாசனத்தில்,
முகக்கவசத்துக்குள் என் மூச்சையே குடித்தபடி
எருவிலில் தொடங்குகிறேன்:

இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது.
தண்ணீர் பவுசர் செவ்வாய், வெள்ளி.
சந்தை பாடசாலை மைதானத்தில்.
ஐயாயிரம் ரூபாக் கொடுப்பனவுக்குப்
பெயர் கொடுத்தவர்கள் மீண்டும் கொடுக்கத் தேவையில்லை.
'கைகளை அடிக்கடி நழுவவும்' என்று தட்டச்சில் விழுந்திருந்தது.
திருத்தித்தான் வாசித்தேன்.
இருந்தபடியே வாசித்திருக்கலாம் என்றான் அருட்பிரகாசம்.

கச்சான் காற்று வேறு.
ஒன்பது மணிக்கே மேற்கில் யாரோ
போறணைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.
ஒரு வளவுக்குச் சொன்ன சொல்லை
அது தூக்கி இன்னொரு வளவில் போடுகிறது.
வெள்ளி என்றது பள்ளி என்று விழுந்து
பள்ளிக்கூட வாசலில் நான்கு குடத்தோடு
மத்தியானம் வரை நின்றாளாம் நேசமலர்.
போய் மன்னிப்புக் கேட்டேன்.
"தண்ணி வந்தாச் சரி" என்றாள்,
கேற்றைத் திறக்காமல்.

கடைசித் தரிப்பு குறுமண்வெளித் துறை.
மண்டூர்ப் பாதை மறு அறிவித்தல் வரை
இடைநிறுத்தப்பட்டுள்ளது.
எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
வாவியில் மிதக்கிற இரும்பு,
மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும்
கலியாணக் கூட்டமும் ஏறிப் போகிற இரும்பு.
இப்போது அதில் நீர்க்காகம் ஒன்று
இறக்கையை விரித்துக் காயவைக்கிறது.

பாதை ஓட்டுகிற வில்வராசா
ஓட்டமில்லாத நாளிலும் கரைக்கு வருவார்.
"மறு அறிவித்தல் எண்டா மறுகாத்தானே.
மறுகா எண்டா எப்பகா?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை.
அந்த அறிவித்தலும் என் வாயால்தான் வரவேண்டும்,
எனக்குத்தான் தெரியாது.

ஆறாம் நாள் விடிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை.
கிளினிக் மருந்து, பதினேழு உறை,
பதினேழும் அக்கரைப் பெயர்.
அக்கரை வேறு சபை.
வாவியின் நடுவில் எங்கள் எல்லை முடிகிறது,
எந்த அலையில் என்று ஒருவரும் அளந்ததில்லை.
தலைமை எழுதுனர் வீட்டிலிருந்தபடி
"கடிதம் போட்டுக் கேப்பம்" என்றார்.
மடியில் பை ஈரமாகிக்கொண்டிருந்தது:
இன்சுலினுக்கு வைத்த ஐஸ்.

எருவிலை விட்டு நேரே துறைக்குப் போனோம்,
கச்சான் எழும்ப முதல்.
வில்வராசா முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம் கட்டி
ஒரு தோணியைத் தள்ளினார்.
அருட்பிரகாசம் ஆட்டோவைத் திருப்பி
ஒலிபெருக்கியின் வாயை மண்டூருக்கு வைத்தான்.
தாளில் இல்லாத ஒன்றை நான் வாசித்தேன்:

இத்தால் அக்கரைக்கு அறியத் தருவது.
பொன்னுத்துரை தங்கநேசம்.
கதிராமத்தம்பி அழகிப்போடி.
சாமித்தம்பி ரஞ்சிதமலர்.
உங்கள் மருந்து தண்ணீரில் வருகிறது.
துறைக்கு வாருங்கள். நெருங்கி நிற்கவேண்டாம்.

புத்தகம் திருப்பித் தராதவர்களின் பட்டியலை
வருடக் கடைசியில் வாசிப்பேனே, அதே குரல்.
ஏழாவது பெயருக்கு அக்கரையில் ஒரு குடை விரிந்தது.
பிறகு சைக்கிள்கள்.
பிறகு யாரோ சாரத்தை மடித்துக் கட்டி
முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.
பதினைந்தாவது பெயரை இரண்டு முறை வாசித்தேன்.
எதிரில் ஒரு கை அசைந்தது.
கேட்டது என்பதா,
இல்லை என்பதா,
அவ்வளவு தூரத்தில் கை வெறும் கைதான்.

தோணி திரும்பியபோது பையில் ஓர் உறை கிடந்தது.
நான் கேட்கவில்லை. வில்வராசா சொல்லவுமில்லை.
துறைக் குழாயடியில் குந்தி
சவர்க்காரம் போட்டுப் போட்டு
நெடுநேரம் கை கழுவினார்.

விளக்கம் கோரும் கடிதம் திங்கட்கிழமை வந்தது.
அதிலும் ஒரு தட்டச்சுப் பிழை. திருத்தவில்லை.
செவ்வாய் ஆறரைக்கு எருவிலில்
பவுசரில் இருந்து தொடங்கினேன்.