ஒரு சாண் ஆழம்

கர்லி துகா மேசைமேல் இரண்டையும் வைத்தான்.
ஒன்று கறுப்பு பூசிய அலுமினியம்,
தூக்கினால் வைக்கோல் தொப்பியின் கனம்.
மற்றது எவர்சில்வர்.
அதன் மூன்று இதழ்களிலும்
மூன்று வயதில் தெரிந்தேன் நான்.

"விலைச்சீட்டைத் திருப்பாதே, எல்மீர்" என்றான்.
திருப்பினேன்.
நூற்று முப்பது. அறுநூற்று நாற்பது.
நடுவில் கிடக்கும் ஐநூற்றுப் பத்து டாலர்
பதின்மூன்று மூட்டை சேற்றிறால்.
பதின்மூன்று மூட்டை என்றால்
விடியுமுன் எழுந்த நான்கு நாள்,
கூண்டுக் கம்பி கிழித்த விரல்கள்,
தண்ணீர்ப் பாம்பு ஒன்றோ இரண்டோ.

கர்லிக்கு எவர்சில்வர் பேசத் தெரியும்.
இதழ் மெல்லிசு, வேகத்தில் விரிந்துகொடுக்காது,
துணிக்கடைக்காரன் கத்தரிபோல்
ஒரே இழுப்பில் தண்ணீரைப் பிளக்கும்.
மூட்டை அடுக்கிய படகும்
மூக்கைத் தூக்கிச் சட்டென்று எழும்.
எல்லாம் உண்மை.
ஓவீட் பத்தான் போன வருடம் மாட்டினான்.
எனக்குப் பதினோரு நிமிடம் முன்னால் கரையேறுகிறான்.
நான் கயிறு கட்டும்போது
வியாபாரியின் லாரியில் ஐஸ் கரைந்திருக்கும்,
மூட்டைக்கு இரண்டு டாலரும் கரைந்திருக்கும்.

ஆனால் இந்தச் சதுப்பு
ஆழத்தை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நூறு வருடத்துக்கு முன்
வெள்ளம் ஏறிய மாதங்களில்
படகில் நின்றபடியே சைப்ரஸ் அறுத்தார்கள்.
மரங்கள் மிதந்து போய்
யார் யார் வீட்டுக்கோ கதவாயின.
அடிக்கட்டைகள் அன்றைய தண்ணீர் உயரத்தில்
அப்படியே நின்றுவிட்டன.
ஜூனில் மட்டம் இறங்கும்போது
ஒவ்வொன்றாய்த் தலை தெரியும்.
தெரிந்த கட்டையால் ஆபத்தில்லை.
தெரிவதற்கு முந்தைய வாரம்,
ஒரு சாண் ஆழத்தில்
மூச்சடக்கி நிற்குமே, அந்த வாரம்தான்.

அப்படி ஒன்றில் நான் ஏறியபோது
அலுமினிய இதழ் ஒன்று காதுமடல்போல் மடிந்தது.
மிச்சம் இரண்டோடு
பல் போனவன் பேசுவதுபோல்
படகு குழறிக் குழறி வீடு சேர்ந்தது.
அடுத்த நாள் இதே மேசையில் கர்லி தட்டி நிமிர்த்தினான்.
நாற்பது டாலர், ஒரு காப்பி.

அதே கட்டையில் ஓவீடும் ஏறினான்.
இதழில் கீறல்கூட இல்லை.
வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினான்.
கடிபட்டது உள்ளே,
எண்ணெய்க்குள் பதுங்கியிருந்த பல்சக்கரம்.
இரண்டாயிரத்துச் சொச்சம்.
சீசனின் நடுவில் மூன்று வாரம்
கரையில் உட்கார்ந்து தொப்பியால் கொசு விரட்டினான்.

"நடுவில் ரப்பர் இருக்கிறதே,
அடியை அது வாங்கிக்கொள்ளும்" என்கிறான் கர்லி.
ஓவீடின் ரப்பருக்கும்
இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

வளையாத ஒருவரோடு
பதினோரு வருடம் இருந்திருக்கிறேன்.
அது வேறு கணக்கு,
அதைக் கர்லியிடம் சொல்லவில்லை.

"அலுமினியம் இரண்டு கொடு.
ஒன்றை மாட்டு,
ஒன்று இருக்கைக்கு அடியில்.
பூட்டுப் பின் நாலு, ஒரு ஸ்பேனர்."
அவன் எவர்சில்வரைத் துணியால் துடைத்து,
வரன் தட்டிப்போன பெண்ணைப் பெற்றவன்போல்,
அலமாரியில் திரும்ப வைத்தான்.

இன்று காலை தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.
கரைக் கம்பத்தில்
நகச்சாயத்தால் நான் போட்ட சிவப்புக் கோடு
ஈரமாய்ப் பளபளத்தது.
கட்டைகள் மூச்சடக்கும் வாரம்.
ஊர்ந்து போகிறேன்,
பின்னாலிருந்து வந்தான் ஓவீட்.
வேகம் குறைக்கவில்லை, கை மட்டும் அசைத்தான்.
அவன் அலையில் என் காப்பி கொட்டியது.
நானும் கை அசைத்தேன்.

பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுக் காதுகொடுத்தேன்.
முதல் வளைவு.
உடைந்த கூடாரம்.
சைப்ரஸ் அறுத்த பழைய வாய்க்கால்.
அவன் சத்தம் ஒரே சீராய்ப் போய்க்கொண்டே இருந்தது,
கொக்கு ஒன்று எழுந்து, திரும்ப உட்கார்ந்த பிறகும்
போய்க்கொண்டே இருந்தது.

நல்லதுதான்.
இருந்தாலும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.