பதினான்கு குப்பிகள்

இந்த ஊரில் தக்காளி விற்பவள்கூட
மீதிச் சில்லறை தரும்போது சொல்வாள்:
"உன் வலியை நான் கொண்டுபோகிறேன்."
கண்ணே, ராசா என்பதுபோல ஒரு வாய்ப்பழக்கம்.
யாரும் எதையும் கொண்டுபோவதில்லை.

கியூம்ரி பாலிகிளினிக், மூன்றாம் எண் அறை.
மார்ஃபினுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
நிறைந்த குப்பி ஒன்றுக்குக்
கழுத்து உடைந்த காலிக் குப்பி ஒன்று
திரும்பி வர வேண்டும்.
வந்தால்தான் அடுத்தது.
நான்கு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை.

ஹம்பார்ட்சும் அவற்றை
ஆப்ரிகாட் ஜாம் பாட்டிலில் கொண்டுவருவார்,
பேருந்தில் கிலுகிலுக்காமல் இருக்க
உள்ளே ஒரு கம்பளிச் சாக்ஸைத் திணித்து.

சாக்ஸ் அவர் மனைவி வேலை பார்த்த ஆலையுடையது.
வார்செனிக் அங்கே முப்பது வருடம் எடை போட்டவள்.
பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால்
"ஏழே கால். குறைத்து எழுதிவிடாதே" என்பாள்.
தேநீர்க் கோப்பையோடு அவர் உள்ளே வந்து
அதையே கேட்டால்
"மூன்று."

சுவர்க்கடிகாரத்தை அவர் கழற்றிவிட்டிருந்தார்.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
ஆணியைப் பார்க்கத் தொடங்கினாள் பிறகு.

நான்கு மணி நேரத்துக்கு ஒன்று.
வெள்ளி மாலை ஆறிலிருந்து
திங்கள் காலை பத்துவரை
பதினாறு வேண்டும்.
சீட்டில் பதினான்கு.
அந்த எட்டு மணி நேரத்தை
அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று
டாக்டரைக் கேட்டேன்.
அவர் பேனாவைத் தேடினார்.

உயிர் போகிற வலி என்கிறோம் பல்வலிக்கும்.
உயிர் நிஜமாகப் போகும்போது சொல்ல
வேறு வார்த்தை மிச்சமில்லை.

ஞாயிறு நண்பகல் வார்செனிக் இறந்தாள்.
பனி கொட்டியதால் வண்டி வரத் தாமதம்.

திங்கள் காலை அவர் வந்தார், முகம் மழிக்காமல்.
பாட்டிலைக் கவிழ்த்தார்.
எண்ணினேன்.
பதினான்கு.

மறுபடி எண்ணினேன்.
ஞாயிறு காலை பத்து மணி ஊசியோடு பதினொன்று.
மூன்று முழுசாக இருக்க வேண்டும்.
அந்த மூன்றின் விளிம்பு இன்னும் கூர்;
ஒன்றின் அடியில் ஒரு துளி.

"கீழ்வீட்டு கராபெட்" என்று தொடங்கினார்.
கல்தச்சன். சர்க்கரை.
போன வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.
வெட்டியவர்கள் ஒரு மாத்திரை அட்டையோடு
கைகழுவிவிட்டார்கள்.
இல்லாத கட்டைவிரல் நெரிகிறது என்று
அவன் குழாயில் தலையை முட்டுவது
அவள் படுக்கைவரை கேட்குமாம்.
"அவனுக்கு ஏன் இல்லை என்று அவள்..."
அதற்கு மேல் வரவில்லை.

எனக்குக் கோபம்.
யார் போட்டது, எவ்வளவு, மூச்சைப் பார்த்தீரா,
தூக்கத்திலேயே நின்றிருந்தால்?
என் வேலை போகும், உமக்குச் சிறை.
இதையெல்லாம் சத்தமில்லாமல் கத்தினேன்.
அவர் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டில் எழுதினேன்:
கொடுத்தது பதினான்கு. திரும்பியது பதினான்கு.
மை காய நேரமானது.

மத்தியானம் அறையைப் பூட்டிவிட்டு
அவர் பின்னால் படியேறினேன்.
மாடியில் சவப்பெட்டியின் மூடி
வாசலில் சாய்த்திருந்தது.
கீழ்வீட்டில் கராபெட் உறக்கத்தில், வாய் திறந்து.
ஒரு நிமிடம் முழுக்கக் கையைப் பார்த்து எண்ணினேன்.
பன்னிரண்டு மூச்சு.
இமையைத் தூக்கினேன், எரிச்சலோடு திட்டினான்.
நல்லது.

"இனி ஒன்றும் போடக்கூடாது" என்றேன்,
"நான் சொல்லாமல்."
பையிலிருந்து புதுப் படிவம் எடுத்தேன்.
வலி, பத்துக்கு?
கராபெட் யோசித்தான்.
"எதை எழுதட்டும்? இருக்கிற காலா, போன காலா?"

இரண்டு வரி எழுதினேன்.
படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.
கையெழுத்து மூன்று பாக்கி; டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

ஹம்பார்ட்சும் காலிப் பாட்டிலை
அவன் மேசைமேல் வைத்துவிட்டு
மாடிக்குப் போனார், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று.